ஆண்டர்சனை ரூகர் வாங்கிவிட்டது: ஏற்கெனவே வாங்கியவர்கள் கதி என்ன?

கேள்வி இதுதான்: "ஆண்டர்சன் ஏஎம்-15 லோயர் இரண்டு வாங்கினேன். ஒன்றில் துப்பாக்கி கட்டி முடித்துவிட்டேன், இன்னொன்று பிரிக்காமல் டப்பாவிலேயே கிடக்கிறது. இப்போது கம்பெனியை ரூகர் வாங்கிவிட்டதாம். வாரண்டி போச்சா? ஏதாவது கோளாறு என்றால் ரூகரைக் கூப்பிடலாமா? கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, இன்னும் இரண்டு வாங்கிப் போடலாமா?"

வாரண்டி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரூகர் (அமெரிக்காவின் பெரிய துப்பாக்கி கம்பெனிகளில் ஒன்று) மனது வைத்து ஏதாவது செய்தால் அது லாபம், செய்யாவிட்டால் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதனால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் கிடையாது. ஒரு கம்பெனி கைமாறும்போது உண்மையில் மாட்டிக்கொள்கிறவர்கள் வேறு ரகம், அவர்களைப் பற்றியும் சொல்கிறேன். சில இடங்களில் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரியாமல் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. ஏஆர்-15 வகைத் துப்பாக்கியை (ஆண்டர்சன் அதை ஏஎம்-15 என்ற பெயரில் விற்றது) மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிக்கலாம். குழலும் போல்ட்டும் இருக்கும் மேல்பாதி அப்பர். ட்ரிகரும் கைப்பிடியும் மாகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) நுழையும் வாயும் இருக்கும் கீழ்பாதி லோயர். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் இந்த லோயர் மட்டும்தான் "துப்பாக்கி". சீரியல் நம்பர் அதில்தான் இருக்கும், உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் அதை வாங்க முடியும். மற்றதெல்லாம் வெறும் உதிரி பாகம், வீட்டு வாசலுக்கே பார்சலில் வரும். கென்டக்கி மாநிலம் ஹெப்ரனில் (சின்சினாட்டி விமான நிலையம் இருக்கிற அதே ஊர்) இருந்த ஆண்டர்சன் மேனுஃபாக்சரிங் இந்த லோயரை யாரும் நம்பாத விலைக்கு விற்றது. மவுசு குறைந்த நாட்களில் 30, 40 டாலருக்கெல்லாம் கிடைத்தது. மாகசின் வாயின் இடது பக்கத்தில் ஒரு குதிரைத் தலை பொறித்திருக்கும், அதை வைத்து "ஏழைக் குதிரை" என்று கிண்டலடிப்பார்கள். கிண்டலடித்தவர்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும், அது வேறு.

2025 ஜூலையில் ரூகர் அந்த ஆலையை வாங்கியது. கட்டடம், இயந்திரங்கள் எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்கு. இதில் கவனிக்க வேண்டியது, வாங்கியது கம்பெனியை அல்ல, கம்பெனியின் சொத்துகளை. இது வக்கீல் விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. பங்குகளை வாங்கினால் கம்பெனியோடு அதன் கடனும் வழக்கும் வாக்குறுதியும் சேர்ந்தே வரும். சொத்துகளை மட்டும் வாங்கினால், எந்தெந்தப் பொறுப்பை ஏற்கிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதோ அது மட்டும் வரும். எழுதாதது பழைய கம்பெனியின் வெற்றுக்கூட்டோடு அங்கேயே நின்றுவிடும். ஆண்டர்சன் கொடுத்த வாரண்டி ஆண்டர்சன் கொடுத்த வாக்கு. இயந்திரத்தை வாங்கினவன் அந்த வாக்கையும் சேர்த்து வாங்கினான் என்று சட்டம் தானாக எடுத்துக்கொள்ளாது.

விதிவிலக்குகள் உண்டு. வாங்கினவர் பொறுப்பை வெளிப்படையாகவோ நடத்தையாலோ ஏற்றிருந்தால், விற்பனை என்ற பெயரில் நடந்தது உண்மையில் இணைப்பாக இருந்தால், அதே முதலாளி பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு தொடர்ந்தால், அல்லது கடன்காரர்களை ஏமாற்றச் செய்த மோசடியாக இருந்தால், நீதிமன்றம் புதியவரையும் பிடிக்கும். கலிஃபோர்னியாவில் ரே எதிர் அலாட் என்ற 1977 வழக்குக்குப் பிறகு இன்னொரு வழியும் இருக்கிறது. அதே பொருளை அதே வரிசையில் தொடர்ந்து தயாரிப்பவர், பழைய பொருளின் குறைபாட்டால் காயப்பட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். ஆனால் இதெல்லாம் காயம், உயிர்ச்சேதம் என்று கோர்ட்டுக்குப் போகிற சங்கதி. 40 டாலர் லோயரில் பின் (பாகங்களைப் பிணைக்கும் ஆணி) போகிற ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று யாரும் வக்கீல் வைக்கப்போவதில்லை.

ரூகர் இப்படிப்பட்ட சமயத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகிக்க முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது: மார்லின். லீவர் ஆக்ஷன் (அடியில் இருக்கும் நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும்) துப்பாக்கிகளுக்குப் பேர் போன பழைய கம்பெனி. 2007 இறுதியில் ரெமிங்டன் என்ற இன்னொரு பழைய துப்பாக்கி கம்பெனி அதை வாங்குவதாக அறிவித்தது. 2011-இல் கனெக்டிகட்டில் இருந்த மார்லின் ஆலையை மூடி, வேலையை நியூயார்க் மாநிலத்து இலியனுக்கு மாற்றினார்கள். பல ஆண்டுகளாக அதே இயந்திரத்தின் குணம் தெரிந்து ஓட்டியவர்கள் கூடவே வரவில்லை. முதல் சில ஆண்டுகளில் இலியனிலிருந்து வந்த மார்லின்களில் குறிபார்க்கும் சைட் கோணலாக இருக்கும், மரம் உலோகத்தோடு சேராமல் இடைவெளி விட்டிருக்கும். "ரெம்லின்" என்று அதற்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது. பழைய மார்லினா ரெமிங்டன் காலத்ததா என்று பார்க்க இன்றைக்கும் குழல் உடலோடு சேரும் இடத்தருகே இருக்கும் சின்ன முத்திரையைத் தேடுவார்கள். ஜேஎம் என்றிருந்தால் பழையது, ஆர்இபி என்றிருந்தால் ரெமிங்டன். அப்புறம் 2020-இல் ரெமிங்டனே திவாலாகி ஏலத்துக்கு வந்தபோது மார்லினை ரூகர் சுமார் 3 கோடி டாலருக்கு எடுத்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் வெளியே வரவில்லை. இயந்திரங்களை வட கரோலினா மேயோடனுக்குக் கொண்டுபோய், வரைபடங்களை முதலிலிருந்து சரிபார்த்து, 2021 கடைசியில்தான் முதல் துப்பாக்கியை விட்டார்கள். நல்ல துப்பாக்கி, அதில் சந்தேகமில்லை. சீரியல் நம்பர் ஆர்எம் என்று ஆரம்பிக்கும். ரூகரின் சர்வீஸ் அந்த ஆர்எம் துப்பாக்கிகளுக்குத்தான். ஜேஎம், ஆர்இபி வைத்திருப்பவர்கள் ஊரில் இருக்கிற துப்பாக்கி மெக்கானிக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெயரும் ஒன்று, வடிவமும் ஒன்று, அதற்கே நிலைமை இது. மார்லினிலாவது பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ரூகருக்கு ஆசை இருந்தது. ஆண்டர்சன் விஷயத்தில் அந்தக் குதிரைத் தலையைத் தொடரும் எண்ணமே இல்லை. வேண்டியிருந்தது இடம், சிஎன்சி (கணினி வைத்து இயக்கும்) இயந்திரங்கள், வேலை தெரிந்த ஆட்கள்.

ரூகரைப் பற்றி இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. சொந்தத் துப்பாக்கிகளுக்கே அவர்கள் எழுத்துபூர்வ வாரண்டி கொடுப்பதில்லை. கையேட்டிலேயே காரணத்தை விளக்கியிருப்பார்கள்: 1975-இல் வந்த மாக்னசன்-மாஸ் சட்டம் வாரண்டி கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, கொடுத்தால் அது முழு வாரண்டியா வரம்புள்ளதா என்று குறிப்பிடச் சொல்கிறது, அந்த வம்பே வேண்டாம் என்று. ஆனால் ரூகர் வாங்கிய பலரிடம் கேட்டுப் பாருங்கள், அனுப்பினோம், சரிசெய்து அனுப்பினார்கள், காசு வாங்கவில்லை என்பார்கள். ஆக, வாரண்டிச் சீட்டுக்கும் நடக்கிற சர்வீஸுக்கும் நாம் நினைக்கிற அளவு சம்பந்தம் இல்லை. சர்வீஸ் என்பது அந்தப் பெயரை நாளைக்கும் விற்க வேண்டியவர் செய்யும் செலவு. ஆண்டர்சன் என்ற பெயரை நாளைக்கு விற்க வேண்டியவர் யாரும் இல்லை.

ஆயுட்கால வாரண்டி என்று பெரிதாகப் போட்டிருக்கும் கம்பெனிகளுக்கும் இதே கதைதான். மெய்ன் மாநிலத்து விண்டமில் புஷ்மாஸ்டர் என்ற ஏஆர் துப்பாக்கி கம்பெனி இருந்தது. அதன் முதலாளி ரிச்சர்ட் டைக் 2006-இல் அதை செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார். அவர்கள் 2011-இல் விண்டம் ஆலையை மூடினார்கள். டைக் அதே ஊரில், வேலை போன அதே ஆட்களை வைத்து, விண்டம் வெப்பன்ரி என்று புதிதாக ஆரம்பித்தார். அடுத்தவருக்கு விற்றாலும் கூடவே போகும் ஆயுட்கால வாரண்டி என்று கொடுத்தார், கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். 2023-இல் அவர் இறந்த பிறகு அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது. வாரண்டி யார் பெயருக்கு மாற்றிக்கொடுத்தாலும் செல்லும் என்றிருந்தது, கடைசியில் கொடுத்தவரே இல்லை.

இதுவரை படித்துவிட்டு லோயரைத் தூக்கிப்போட வேண்டியதுதானா என்று கேட்காதீர்கள். ஏஆர்-15 விஷயத்தில் வாங்குபவருக்கு ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது, அது எந்தக் கம்பெனியும் கொடுத்ததல்ல. அடிப்படைக் காப்புரிமை 1977-இல் முடிந்துவிட்டது. அளவுகள் ராணுவ வரைபடத்தின் வழியாக ஊரறிந்தவை. ட்ரிகர், ஹாமர் (ட்ரிகரை அழுத்தினால் அடிக்கும் சுத்தி) பின்கள் 0.154 அங்குலம், அப்பரையும் லோயரையும் பிணைக்கும் பின்கள் 0.250 அங்குலம், யார் செய்தாலும் இதேதான். லோயரே கூட முக்கால்வாசி ஒரு சில இடங்களிலிருந்துதான் வருகிறது. 7075 அலுமினியத்தை அச்சில் அடித்து முரட்டு உருவமாக்கித் தரும் பட்டறைகள் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பெரும்பாலான பிராண்டுகள் அந்த உருவத்தை வாங்கி, கடைந்து, தங்கள் முத்திரையை அடிக்கின்றன. லோயரில் சின்னதாக ஒரு சாவித்துளைக் குறி இருந்தால் அது செரோ ஃபோர்ஜின் அடிப்பு. 40 டாலர் லோயரிலும் அதைக் காணலாம், அதைவிடப் பல மடங்கு விலை சொல்கிற லோயரிலும் காணலாம். எனவே உங்கள் ஆண்டர்சனில் ஸ்பிரிங் போனால், செலக்டர் (பூட்டவும் சுடவும் திருப்பும் குமிழ்) போனால், ட்ரிகர் தேய்ந்தால், எந்தக் கம்பெனியின் பாகத்தையும் வாங்கிப் போடலாம். கட்டிய துப்பாக்கி நூற்றுக்கணக்கில் சுட்டும் ஒழுங்காக இருக்கிறதென்றால் அந்த லோயரில் பெரிதாக இனி எதுவும் கெடப்போவதில்லை. அலுமினியக் கட்டி, அதில் சில ஓட்டைகள், அவ்வளவுதான்.

கம்பெனி கைமாறும்போது நிஜமாகவே அடிபடுகிறவர்கள், மலிவாக வாங்கியும் வேறு யாருடைய பாகமும் பொருந்தாத சாமானை வைத்திருப்பவர்கள். ஹெச் அண்ட் ஆர் என்ற பழைய அமெரிக்கத் துப்பாக்கி கம்பெனியின் ஹாண்டி ரைஃபிள் நல்ல உதாரணம். ஒரே ஒரு தோட்டா போடும், நடுவில் மடங்கும், விவசாயி வீட்டுக் கொட்டகையிலும் பையன்களின் முதல் வேட்டையிலும் இருந்த ஏழைத் துப்பாக்கி. அதன் அருமையான விஷயம் என்னவென்றால், துப்பாக்கியின் உடலை ஆலைக்கு அனுப்பினால் வேறு தோட்டாவுக்கான குழலைப் பொருத்திச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு உடலுக்கு மூன்று நான்கு குழல் வைத்திருந்தவர்கள் ஏராளம். 2000-இல் ஹெச் அண்ட் ஆரை மார்லின் வாங்கியது, மார்லினை ரெமிங்டன் வாங்கியது, 2015-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். குழல் பொருத்தும் வசதியும் போனது. 2020 ஏலத்தில் அந்தப் பெயரைப் பால்மெட்டோ ஸ்டேட் ஆர்மரி என்ற துப்பாக்கி கம்பெனியின் தாய் நிறுவனமான ஜேஜேஇ கேப்பிடல் எடுத்தது. எடுத்து என்ன செய்தார்கள்? வியட்நாம் போர்க் காலத்தில் ஹெச் அண்ட் ஆர் ராணுவத்துக்கு எம்16 (ஏஆர்-15-இன் ராணுவ வடிவம்) செய்து கொடுத்தது அல்லவா, அந்தப் பழைய பெருமைக்காக, எம்16 மாதிரியே இருக்கும் பழைய பாணி ஏஆர் துப்பாக்கிகளுக்கு அந்தப் பெயரைப் போட்டார்கள். அதுவும் நல்ல சரக்குதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஹாண்டி ரைஃபிள் வைத்திருப்பவருக்கு ஹெச் அண்ட் ஆர் என்ற பெயர் உயிரோடு இருப்பதால் காலணாப் பிரயோசனம் இல்லை. அவர் நியூயார்க் மாநிலத்து நம்ரிக் மாதிரி, மூடின கம்பெனிகளின் மிச்சமீதியை வாங்கி விற்கும் இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது அங்கே பெரும்பாலும் "இருப்பு இல்லை".

டாப்கோ என்ற மலிவு உதிரி பாகக் கம்பெனியும் அதே ரெமிங்டன் குடைக்குள் போய், 2020 ஏலத்தில் பெயர் மட்டும் ஒரு சில்லறைக் கடைச் சங்கிலியிடம் போய்ச் சேர்ந்தது. ஏகே துப்பாக்கிக்கு அவர்கள் விற்ற ட்ரிகருக்கு மாற்று நிறைய வந்துவிட்டதால் அதை யாரும் பெரிதாகத் தேடவில்லை.

ஆண்டர்சனிலேயே தனித்தன்மையான விஷயம் என்று பார்த்தால் ஆர்எஃப்85 என்ற உலோகப் பூச்சு. எண்ணெயே போட வேண்டாத துப்பாக்கி என்று விளம்பரம் செய்தார்கள். அந்தப் பூச்சு உள்ள முழுத் துப்பாக்கி உங்களிடம் இருந்தால் என் ஆலோசனை: எண்ணெய் போடுங்கள்.

இனி யாரும் அதிகம் யோசிக்காத ஒரு விஷயம். நுகர்வோர் பொருட்களில் ஆபத்தான குறை இருந்தால் திரும்பப் பெற உத்தரவிடும் அரசு அமைப்பு அமெரிக்காவில் இருக்கிறது, ஆனால் துப்பாக்கிகள் அதன் அதிகாரத்துக்கு வெளியே. டோஸ்டரைத் திரும்பப் பெறச் சொல்லலாம், துப்பாக்கியைச் சொல்ல முடியாது. எனவே துப்பாக்கித் துறையில் எல்லா ரீகாலும் கம்பெனி தானாக முன்வந்தோ வழக்குக்குப் பயந்தோ செய்வது. ரெமிங்டன் 700 என்ற ரைஃபிளின் ட்ரிகர் பிரச்சினையைப் பாருங்கள். 2014-இல் ஒரு வகை ட்ரிகருக்குத் தானாக ரீகால், பிறகு பெரிய கூட்டு வழக்கு, சமரசத்தின்படி இலவசமாக மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கும் கெடு 2020 ஏப்ரலில் முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் கம்பெனி திவால் மனு போட்டது. கெடுவைத் தவறவிட்டவர் கதவைத் தட்டப் போனால், அந்த வீட்டில் வேறு குடும்பம். ஆண்டர்சன் லோயரில் அப்படி ஒரு குறை இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. நாளைக்கு ஏதாவது தெரியவந்தால் அறிவிப்பு அனுப்ப ஆள் இருக்காது, அதைத்தான் சொல்கிறேன்.

சீரியல் நம்பர் பற்றிச் சிலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். நீங்கள் எந்தக் காகிதமும் மாற்ற வேண்டாம். தயாரிப்பாளரின் பதிவேடுகள், தொழிலைத் தொடர்பவர் இருந்தால் அவரிடம் போகும், முழுக்க மூடிவிட்டால் மேற்கு வர்ஜீனியா மார்ட்டின்ஸ்பர்க்கில் ஏடிஎஃப் (துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) வைத்திருக்கும் பழைய பதிவேட்டு மையத்துக்குப் போகும். நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவம் உங்கள் டீலரிடம் இருக்கிறது. உங்களைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது.

பதிலாக இன்னொரு லோயர் கிடைப்பதில்தான் சட்டம் உரசும். துப்பாக்கியைத் தயாரிப்பாளருக்கு நீங்களே நேராக அனுப்பலாம், அவர் சரிசெய்தோ, அதே வகைப் புதிய ஒன்றையோ டீலர் இல்லாமல் உங்களுக்கே திருப்பி அனுப்பலாம் என்று மத்திய விதி அனுமதிக்கிறது. தயாரிப்பாளர் இல்லையென்றால் அந்தக் குறுக்குவழி இல்லை. புதிதாக வாங்கி, டீலரிடம் போய், படிவம் நிரப்பி எடுத்துவர வேண்டும். டெக்சஸில் இருப்பவருக்கு இது ஒரு அரைநாள் வேலை. இல்லினாய், வாஷிங்டன் மாதிரி 2023 முதல் ஏஆர் வகைத் துப்பாக்கிகளின் புதிய விற்பனையையே தடுத்திருக்கும் மாநிலங்களில் இருப்பவருக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை, அங்கே உள்ளூர் வக்கீலிடம் கேட்காமல் எதையும் வாங்கவோ அனுப்பவோ வேண்டாம். குட்டைக் குழல் ரைஃபிளாக மத்திய அரசிடம் தனியாகப் பதிவு செய்த லோயர் என்றால் பதிவு அந்தச் சீரியல் நம்பரோடு ஒட்டியது. லோயர் போனால் பதிவை முதலிலிருந்து செய்ய வேண்டும். இந்த இரண்டு ரகத்துக்காரர்களுக்கும் மலிவுக் கம்பெனி மூடுவது நிஜமான இழப்பு.

டப்பாவில் இருக்கும் அந்த இரண்டாவது லோயரை இந்த வாரமே வெளியே எடுங்கள். பின்களைக் கையால் நுழைத்துப் பாருங்கள், தள்ளினால் போக வேண்டும், தானாக நழுவி விழக்கூடாது. மாகசின் சொருகி விடுவித்தால் சிக்காமல் கீழே வர வேண்டும். பின்புறம் பஃபர் குழாய் (தோளில் அணைக்கும் கட்டை மாட்டும் குழாய்) திருகும் மரையில் நகத்தை ஓட்டுங்கள், நசுங்கலோ பிசிறோ தட்டுப்படும். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அப்பரை மாட்டி ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் சகஜம், அதற்காகப் பதற வேண்டாம். ஓட்டை கோணல், மரை சரியில்லை மாதிரி நிஜமான குறை இருந்தால் முதலில் போக வேண்டியது ரூகரிடம் அல்ல, விற்ற கடைக்கு. கடை இன்னும் இருக்கிறது, உங்கள் ரசீதும் இருக்கிறது, பழைய சரக்கைத் தீர்க்கும் அவசரத்தில் இருப்பவர் ஒன்றை மாற்றிக் கொடுக்க அதிகம் யோசிக்கமாட்டார். ஒரு வருடம் கழித்துப் போனால் மாற்றிக் கொடுக்க அவரிடமே சரக்கு இருக்காது.

கம்பெனி விற்பனைக்கு வருகிறது என்று செய்தி வந்த பிறகு நேரடியாகப் பணம் கட்டி, பொருள் இன்னும் வராதவர்கள் யாராவது இதைப் படித்தால்: கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பில் வந்து 60 நாளுக்குள் கார்டு கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். விற்பனை முடிந்த பிறகு கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருப்பது வீண். எனக்கே ஒரு சின்ன ட்ரிகர் கம்பெனி கைமாறியபோது பழைய இமெயிலுக்கு அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது, பணம் கார்டு வழியாகத்தான் கிடைத்தது.

இன்னும் இரண்டு வாங்கிப் போடலாமா என்ற கேள்விக்கு: எந்த வாரண்டியும் இல்லாத பொருளுக்கு நியாயமான விலை என்று தோன்றினால் வாங்குங்கள், கடையிலேயே கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். நின்றுபோன பிராண்டு, பிற்காலத்தில் விலை ஏறும் என்ற நினைப்பில் வாங்காதீர்கள். ஜேஎம் மார்லினுக்கு விலை ஏறியது, அது உலகம் முழுக்கத் தெரிந்த பெயர், மறுபடி யாராலும் அப்படியே செய்ய முடியாத வேலைப்பாடு. ஏழைக் குதிரை லட்சக்கணக்கில் வீடுகளில் இருக்கிறது, பக்கத்துக் கடையிலேயே வேறு பெயரில் அதே மாதிரி லோயர் 50, 60 டாலருக்குக் கிடைக்கிறது, இதற்கு எந்தச் சேகரிப்பாளர் வரிசையில் நிற்கப்போகிறார்?